வேண்டா எண்ணமும் ஐந்தெழுத்தும்

தில்லைச் சிற்சபை முன் கைகூப்பி நிற்கையிலும் தகாத எண்ணம் எழுகின்றதே, இது பாவமோ என்று நம்மிடம் கலங்கிக் கேட்பார் பலர். எழுதல் குற்றமன்று. 1987இல் வெக்னர் என்னும் அமெரிக்க உளநூலறிஞரும் துணைவரும், வெண்கரடியை நினையாதீர் எனச் சிலரைப் பணித்தனர். அடக்க முயன்றார்க்கே அந்நினைவு பின்னர் மிகுந்தது. 2005இல் ஸ்பெயின் நாட்டு ஆய்வாளர் 25 கூற்றுகள் கொண்ட வினாநிரல் ஒன்றை வெளியிட்டனர். அஃது அளப்பது எண்ணத்தையன்று. அதனை அடக்க வல்லேன் என்று ஒருவர் தம்மைப்பற்றிக் கொண்ட நம்பிக்கையையே.

அந்நம்பிக்கை தளர்ந்தவர் செய்யத்தக்கது யாது? கல்லொடு கடலில் இடப்பட்ட நாவுக்கரசர் அலையோடு பொரவில்லை. ஐந்தெழுத்தைப் பற்றினார், கடலூர்த் திருப்பாதிரிப்புலியூரில் கரையேறினார். நாமும் எண்ணத்தோடு பொராது திருநாமத்திற்கு மீள்வோமாக. ஓயாது வருத்துமாயின் மருத்துவரை நாடுதலும் திருவருள் நெறியே.