நகராட்சியும் நடைபாதையும்

கடலூர் மாவட்டத்தில் மணிமுத்தாற்றின் கரையில் அமைந்த பழம்பதி விருத்தாசலம். 'முதிய மலை' என்னும் பொருளுடைய இப்பெயருக்கு முன்னர் இவ்வூர் திருமுதுகுன்றம் என்று வழங்கப்பெற்றது. பழமலைநாதர் திருக்கோயிலால் சிறப்புற்ற இவ்வூர், பிற்காலத்தில் பீங்கான் தொழிலாலும் பெயர் பெற்றது. பொம்மைகளும் ஜாடிகளும் மின்கம்பிகளைத் தாங்கும் பீங்கான் தாங்கிகளும் இங்குள்ள சூளைகளில் வெந்து பல ஊர்களுக்குச் செல்கின்றன. இத்தொழிலைக் கற்பிக்கும் அரசு நிறுவனமும் இங்கு உண்டு.

கடலூர், சேலம், உளுந்தூர்ப்பேட்டை, செயங்கொண்டம் ஆகிய திசைகளுக்குச் செல்லும் சாலைகள் இந்நகரில் கூடுகின்றன. இருப்புப்பாதைகளும் இங்கே சந்திக்கின்றன. இத்தகைய நகரில் காலைப் பொழுதில் சாலையைப் பயன்படுத்துவோர் யாவர்? சரக்கு வண்டியும் பேருந்தும் ஓட்டுவோர் மட்டும் அல்லர். பள்ளிக்கு நடந்து செல்லும் சிறுவர், தொழிற்கூடத்திற்கு மிதிவண்டியில் செல்லும் தொழிலாளர், விற்பனைக்கூடத்திற்கு வரும் உழவர், கோயிலுக்குச் செல்லும் முதியோர் ஆகிய அனைவரும் அதே சாலையில்தான் செல்லவேண்டும். வண்டி விரைந்து செல்ல வழி வேண்டும் என்பது உண்மை. நடப்பவர் உயிருடன் வீடு திரும்பவேண்டும் என்பது அதனினும் பெரிய உண்மை. இவ்வுண்மையைக் காக்கும் பொறுப்பு யாருடையது? அதற்குரிய பொருள் எங்கிருந்து வருகின்றது? இவற்றை அறிதல் குடிமக்கள் ஒவ்வொருவருக்கும் இன்றியமையாதது.

உயிரின் கணக்கு

2022ஆம் ஆண்டில் இந்தியாவில் சாலை விபத்துகளில் இறந்தோர் 1,68,491 பேர் என்று ஒன்றிய அரசின் சாலைப் போக்குவரத்து அமைச்சகம் வெளியிட்ட அறிக்கை கூறுகின்றது. அவருள் 32,825 பேர் நடந்து சென்றவர்கள். அதாவது, இறந்த ஐவருள் ஏறத்தாழ ஒருவர் எவ்வண்டியிலும் ஏறாதவர். எவருக்கும் தீங்கு செய்ய இயலாதவர். 'விதி' என்று சொல்லி இதனை ஒதுக்கிவிடுதல் அறிவுடைமை ஆகாது. விபத்துக்குக் காரணங்கள் உண்டு. காரணம் உள்ள இடத்தில் தடுக்கும் வழியும் உண்டு.

ஓர் எளிய கணக்கைக் காண்போர்க்கு இது விளங்கும். ஒரு சாலையின் அகலம் 7 மீட்டர் எனக் கொள்வோம். நொடிக்கு 1.2 மீட்டர் வீதம் நடக்கும் ஒருவர் அதனைக் கடக்க ஏறத்தாழ 6 நொடி ஆகும். மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் வரும் வண்டி, அந்த 6 நொடியில் ஏறத்தாழ 83 மீட்டர் ஓடிவிடும். ஆகவே, கடப்பவர் 83 மீட்டருக்கு அப்பால் வரும் வண்டியையும் கணக்கிட்டே காலை எடுத்து வைக்கவேண்டும். ஒரு சிறுவனுக்கோ முதியவருக்கோ இக்கணக்கு எளிதன்று.

இனி, சாலையின் நடுவே நின்று இளைப்பாறுதற்குரிய ஒரு சிறு திட்டு அமைக்கப்படுகின்றது. அப்போது ஒரு வீச்சில் கடக்கவேண்டிய தொலைவு பாதியாகின்றது. வேண்டிய நேரம் 3 நொடியாகக் குறைகின்றது. கண்காணிக்கவேண்டிய தொலைவும் ஏறத்தாழ 42 மீட்டராகச் சுருங்குகின்றது. அதனோடு வேகத்தடை அமைத்து வண்டியின் வேகத்தை 30 கிலோமீட்டராகக் குறைத்தால், அத்தொலைவு 25 மீட்டர் ஆகிவிடுகின்றது. 83 எங்கே, 25 எங்கே! நடுத்திட்டும் வேகத்தடையும் பெரும் பொருட்செலவில் எழுப்பும் மேம்பாலங்கள் அல்ல, சிறு பணிகளே. ஆயினும் அவை காக்கும் உயிர்கள் சிறியன அல்ல.

வேகத்தின் தன்மையை மாணவர் இயற்பியலிலும் பயில்வர். வேகம் இருமடங்கானால் மோதலின் ஆற்றல் நான்கு மடங்காகின்றது. ஆதலின் வேகத்தைச் சிறிது குறைத்தல் தீங்கைப் பெரிதும் குறைத்தலாகும். சராசரி வேகம் நூற்றுக்கு ஒன்று கூடினால், உயிர்போக்கும் விபத்து நேரும் வாய்ப்பு நூற்றுக்கு நான்கு கூடுகின்றது என்று உலகச் சுகாதார நிறுவனம் எடுத்துரைக்கின்றது.

சாலை யாருடையது?

நகருக்குள் செல்லும் சாலைகள் யாவும் நகராட்சிக்கு உரியன என்று பலர் எண்ணுகின்றனர். அஃது உண்மையன்று. தெருக்களும் உட்சாலைகளும் நகராட்சியின் பொறுப்பில் உள்ளன. ஊரை ஊரோடு இணைக்கும் பெருஞ்சாலைகளுள் சில மாநில நெடுஞ்சாலைத் துறையின் பொறுப்பிலும், சில தேசிய நெடுஞ்சாலைக்குரிய அமைப்புகளின் பொறுப்பிலும் உள்ளன. ஒரே கடைவீதியில் தார்ச்சாலை ஒரு துறைக்கும், அதன் ஓரத்து விளக்கும் கால்வாயும் நகராட்சிக்கும் உரியனவாக இருத்தல் கூடும். பொறுப்பு இவ்வாறு பிரிந்திருப்பதனால், 'இது எம்முடையதன்று' என்று ஒருவரை ஒருவர் சுட்டும் நிலையும் தோன்றுகின்றது. ஆகவே நடைபாதை வேண்டும் என்று கேட்போர், அச்சாலை யாருடையது என்பதை முதலில் அறிந்துகொள்ளுதல் வேண்டும்.

நகராட்சிக்கு உரிய கடமைகளை இந்திய அரசியலமைப்பே சுட்டுகின்றது. 1993ஆம் ஆண்டு சூன் முதல் நாள் நடைமுறைக்கு வந்த 74ஆம் திருத்தம், பன்னிரண்டாம் அட்டவணை என்னும் பகுதியைச் சேர்த்தது. நகர உள்ளாட்சிகளுக்கு ஒப்படைக்கத்தக்க 18 பணிகள் அதில் வகுக்கப்பட்டுள்ளன. சாலைகளும் பாலங்களும், தெருவிளக்கும் பேருந்து நிறுத்தமும் அவற்றுள் அடங்கும்.

பொருள் வரும் வழி

ஒரு நகராட்சியின் வருவாய் பல ஓடைகள் கூடும் ஏரியைப் போன்றது. சொத்து வரி, தொழில் வரி, கடைகளின் வாடகை, கட்டணங்கள் ஆகியவை அதன் சொந்த ஓடைகள். மாநில நிதி ஆணையத்தின் பரிந்துரைப்படி மாநில அரசு தன் வரி வருவாயில் ஒரு பங்கை அளிக்கின்றது. ஒன்றிய அரசின் நிதி ஆணையம் பரிந்துரைக்கும் மானியமும் வருகின்றது. சட்டமன்ற உறுப்பினர், நாடாளுமன்ற உறுப்பினர் ஆகியோரின் தொகுதி மேம்பாட்டு நிதியையும் சாலைப் பணிகளுக்குக் கேட்டுப் பெறலாம். பொதுமக்கள் ஒரு பங்கு அளித்தால் எஞ்சிய பங்கை அரசு அளிக்கும் 'நமக்கு நாமே' திட்டமும் தமிழ்நாட்டில் உண்டு.

ஆனால் ஏரி நீர் முழுவதும் ஒரு வயலுக்குப் பாயாது. எடுத்துக்காட்டாக, 2021 முதல் 2026 வரையிலான காலத்திற்குப் பதினைந்தாம் நிதி ஆணையம் பரிந்துரைத்த மானியத்தில், பத்து இலட்சத்திற்குக் குறைந்த மக்கள்தொகையுடைய நகரங்களுக்குரியதில் நூற்றுக்கு 60 பங்கு குடிநீருக்கும் தூய்மைப் பணிக்குமே செலவிடத்தக்கது என வரையறுக்கப்பட்டது. எஞ்சிய 40 பங்கிலேயே சாலை, விளக்கு முதலிய பிற தேவைகள் போட்டியிட்டன. ஆகவே நடைபாதைக்குப் பொருள் இல்லை என்று சொல்வது எளிது. எந்தத் தேவைக்கு முன்னுரிமை என்று முடிவு செய்வதே அரிது.

பொருள் வரும் வழிகளைப் பெருக்குதலும், வந்ததைச் சேர்த்துக் காத்தலும் போலவே, அதனைத் தக்கவாறு பங்கிடுதலும் அரசின் திறன் என்று வள்ளுவர் கருதினார். இப்பங்கீடே ஆண்டுதோறும் நகரமன்றத்தில் வரவு செலவுத் திட்டம் என்னும் பெயரால் நிகழ்கின்றது.

முன்னர் மிதிவண்டியும் நகராட்சிக்கு வரி செலுத்தியது என்பதை இன்றைய மாணவர் அறிந்தால் வியப்பர். 1920ஆம் ஆண்டின் மாவட்ட நகராட்சிகள் சட்டம் வண்டிகளுக்கு வரி விதிக்க இடமளித்தது. மிதிவண்டியும் அவ்வண்டிகளுள் ஒன்று. வரி செலுத்தியதற்கு அடையாளமாக ஓர் உலோக வில்லையை வண்டியில் பொருத்திக்கொண்டனர். அவ்வரி இன்று இல்லை. எனினும், மிதிவண்டி ஓட்டுபவர் சாலைக்கு எதுவும் அளிக்கவில்லை என்று எண்ணுதல் தவறு. வீட்டு வரியாகவும், வீட்டு வாடகைக்குள் மறைந்தும், வாங்கும் பொருள் ஒவ்வொன்றின் விலைக்குள்ளும் அவர்தம் பங்கு சேர்கின்றது. சாலையில் இடம் கேட்பது இரத்தல் அன்று, உரிமை.

சென்னை காட்டிய வழி

பங்கீட்டை ஒரு கொள்கையாகவே வகுத்த நகரம் சென்னை. 1688ஆம் ஆண்டில் தோன்றிய பழமை வாய்ந்த அம்மாநகராட்சி, 2014ஆம் ஆண்டில் இயந்திரமில்லாப் போக்குவரத்துக் கொள்கை ஒன்றை ஏற்றுக்கொண்டது. போக்குவரத்துக்கு ஒதுக்கும் நிதியில் குறைந்தது நூற்றுக்கு 60 பங்கு, நடப்போருக்கும் மிதிவண்டி ஓட்டுவோருக்கும் உரிய அமைப்புகளை உருவாக்கவும் பேணவும் செலவிடப்படவேண்டும் என்பது அதன் கருத்து. 2019ஆம் ஆண்டு நவம்பரில் தியாகராயநகரின் பாண்டி பசாரில் அகன்ற நடைபாதையுடைய நடைபாதை வளாகம் திறக்கப்பட்டது. பொலிவுறு நகரத் திட்டத்தின் நிதியால் அது உருவாயிற்று. நடப்பவருக்கு இடம் அளித்தால் கடைவீதி அழியாது என்பதற்கு அஃது ஒரு சான்று.

ஆயினும், கொள்கை வகுத்தல் வேறு. அது தெருமுனை வரை சென்றடைதல் வேறு. நடைபாதை அமைத்த மறுநாளே அதன்மீது வண்டிகளை நிறுத்தினால், செலவிட்ட பொருள் வீணாகும். நடைபாதையின் குறுக்கே மின்கம்பமும் மின்மாற்றியும் நின்றால், நடப்பவர் மீண்டும் சாலைக்கே இறங்குவர். ஆதலின் அமைப்பதற்கு மட்டுமின்றிப் பேணுவதற்கும் நிதி ஒதுக்குதல் வேண்டும்.

நெதர்லாந்து நாட்டின் வரலாறும் இங்கு நினைக்கத்தக்கது. 1971ஆம் ஆண்டில் அச்சிறு நாட்டில் 3,300க்கு மேற்பட்டோர் சாலையில் இறந்தனர். அவருள் 400க்கும் மேற்பட்டோர் குழந்தைகள். பெற்றோர் கிளர்ந்தெழுந்தனர், குழந்தைகளின் உயிர் காக்க இயக்கம் கண்டனர். அதன் பயனாக 1970களில் தி ஹேக், தில்பர்க் ஆகிய நகரங்களில் அரசின் பொருளுதவியுடன் மாதிரி மிதிவண்டிப் பாதைகள் அமைந்தன. இன்று அந்நாட்டில் ஆண்டுதோறும் சாலையில் இறப்போர் ஆயிரத்திற்கும் குறைவு. மிதிவண்டி நாடு என்னும் புகழ் அதற்குப் பிறப்பிலேயே வந்ததன்று. மக்கள் கேட்டதனாலும் அரசு பொருள் ஒதுக்கியதனாலும் நிலைபெற்றது.

நல்ல நடைபாதையின் இலக்கணம்

நடைபாதை என்பது சாலையோரத்தில் எஞ்சிய இடம் அன்று. இந்தியச் சாலைப் பேரவையின் வழிகாட்டுதல்படி, தடையின்றி நடக்கத்தக்க அகலம் குறைந்தது 1.8 மீட்டர் இருத்தல் வேண்டும். எதிரெதிரே வரும் இரண்டு சக்கர நாற்காலிகள் ஒன்றை ஒன்று கடந்து செல்ல அவ்வகலம் வேண்டும். விளிம்பின் உயரம் 15 சென்டிமீட்டருக்கு மேற்படலாகாது. மிக உயர்ந்தால் முதியோர் ஏற அஞ்சுவர். குறுக்குத் தெரு வரும் இடங்களில் சரிவு வேண்டும். இரவில் ஒளி வேண்டும்.

இவற்றை எப்போது செய்வது? பீங்கான் தொழிலாளி இதற்கு விடை கூறுவார். களிமண் ஈரமாக இருக்கும்போது தோன்றும் விரிசலை விரலால் தடவி மூடிவிடலாம். சூளையில் வெந்தபின் அவ்விரிசல் ஆறாது. சாலையும் அத்தகையதே. சாலையைத் திட்டமிடும்போதே நடைபாதைக்கும் மிதிவண்டிக்கும் இடம் விட்டால் செலவு குறைவு. கடைகளும் கம்பங்களும் நிலைத்தபின் இடம் தேடினால் செலவும் மிகுதி, பகையும் மிகுதி.

மக்களின் பங்கு

தமிழ்நாட்டு அரசு 2001-2002ஆம் கல்வியாண்டில் ஆதிதிராவிட, பழங்குடி மாணவியர்க்கு விலையில்லா மிதிவண்டி வழங்கத் தொடங்கி, பின்னர் அதனைப் பிற மாணவர்க்கும் விரிவாக்கியது. அதற்கும் முன்னர், 1990களின் தொடக்கத்தில் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கத்தின் வழியே எண்ணற்ற பெண்கள் மிதிவண்டி ஓட்டக் கற்று, பிறரை எதிர்நோக்காமல் சென்று வரும் உரிமை பெற்றனர். மிதிவண்டி வந்துவிட்டது, அது அஞ்சாமல் செல்லும் பாதை வரவேண்டாவா?

அப்பாதையை மக்கள் கேட்பதற்கு முறையான வழிகள் உள்ளன. வேண்டுகோளை எழுதி வார்டு உறுப்பினரிடம் அளிக்கலாம். பகுதி சபைக் கூட்டத்தில் எடுத்துரைக்கலாம். நகரமன்றம் தீர்மானம் இயற்றினால், பொறியாளர் மதிப்பீடு தயாரிப்பார். நிர்வாக ஒப்புதலும் தொழில்நுட்ப ஒப்புதலும் பெற்று ஒப்பந்தப்புள்ளி கோரப்படும். பணி முடிந்ததும் அளந்து பார்த்தே பணம் வழங்கப்படும். எவ்வளவு ஒதுக்கப்பட்டது, எவ்வளவு செலவாயிற்று என்பதை 2005ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்படி எவரும் கேட்டறியலாம்.

தனி ஒருவர் முயற்சியும் வீண்போவதில்லை. கோயம்புத்தூரைச் சேர்ந்த எலும்பு மருத்துவ வல்லுநர் இராசசேகரன், சாலை விபத்துகளைக் குறைக்கவேண்டி 2012ஆம் ஆண்டில் உச்ச நீதிமன்றத்தை நாடினார். அவ்வழக்கின் தொடர்ச்சியாக 2014இல் சாலைப் பாதுகாப்புக் குழு ஒன்று அமைந்தது. 2025ஆம் ஆண்டு மே மாதத்தில், தடையற்ற நடைபாதையைப் பெறுதல் அரசியலமைப்பின் 21ஆம் பிரிவு காக்கும் வாழ்வுரிமையின் பகுதி என்று நீதிமன்றம் உரைத்தது.

உரிமைக்கு இணையாகக் கடமையும் உண்டு. நடைபாதையில் வண்டி நிறுத்தாமை, குப்பை கொட்டாமை, கடப்பதற்குரிய கோடுகளில் மட்டும் கடத்தல், இரவில் மிதிவண்டிக்கு விளக்குப் பொருத்துதல், வரியை உரிய காலத்தில் செலுத்துதல் ஆகியவை அக்கடமைகள். நகராட்சியின் பெருமை அதன் கட்டடத்தின் உயரத்தால் அளக்கப்படுவதன்று. ஒரு சிறுமியும் அவள் பாட்டியும் அச்சமின்றி அவ்வூர்ச் சாலையைக் கடக்க முடியுமா என்பதே அதன் சிறந்த அளவுகோல். வரவு செலவுத் திட்டத்தில் அவ்விருவருக்கும் ஒரு வரி இடம்பெறச் செய்வது, விழிப்புள்ள குடிமக்களின் கையில் உள்ளது.