குழந்தையின் விளையாட்டும் சர்க்காரின் கடமையும்

செஞ்சிக்கு அருகே தொண்டூர்க் குன்றில் சமணத் துறவியருக்காகப் பாறையில் வெட்டிய படுக்கைகள் உள்ளன. தமிழ்ப் பிராமி எழுத்தில் பொறித்த சாசனம் ஒன்றும் அங்கே இருக்கிறது. படுக்கைக்குப் பள்ளி என்று பெயர். துறவியர் உறைவிடத்துக்கும் அதுவே பெயர். கல்வி பயிலும் இடத்துக்கும் அதுவே பெயராயிற்று. பள்ளி என்னும் சொல் இவ்வளவு தொன்மை வாய்ந்த நாட்டில், ஆறு வயது நிரம்பாத குழந்தையின் கல்வி யாருடைய பொறுப்பு என்னும் கேள்வி சட்டத்தில் இன்னும் தீராமல் நிற்கிறது. இது வெட்கத்துக்குரிய விஷயம்.

இன்று மூன்று வயதுக் குழந்தைக்கு இரண்டு வழிகளே உண்டு. பணமுள்ளவரும், கடன்பட்டாவது கட்டணம் செலுத்தத் துணிந்தவரும் இங்கிலீஷ் நர்ஸரிக்கு அனுப்புகின்றனர். அவற்றுள் பலவற்றில், விரல் உறுதிப்படாத குழந்தையின் கையில் பென்ஸிலைத் திணித்து வீட்டுப்பாடமும் கொடுக்கிறார்கள். ஏனையோர் பால்வாடிக்கு அனுப்புகின்றனர். அனுப்பிவிட்டு, “அங்கே படிப்பு ஏது? விளையாடிவிட்டுத்தானே வருகிறது?” என்று குறைபட்டுக் கொள்கின்றனர். விளையாட்டே அவ்வயதின் படிப்பு என்பது நமது திடமான அபிப்பிராயம்.

பல்லாங்குழியில் குழிக்கு ஒன்றாகப் புளியங்கொட்டை இடும் குழந்தை, எண்ணென்பது என்ன என்பதைக் கையால் அறிகிறது. அஞ்சாங்கல் ஆடுகையில் கண்ணும் கையும் ஒன்றுபடப் பழகுகின்றன. களிமண் பிசைந்தும் மணி கோத்தும் உரம் பெற்ற விரலுக்குப் பின்னால் எழுத்து எளிதில் வசப்படும். கூட்டாஞ்சோறு ஆக்கும் பிள்ளைகள் பேசவும், பங்கிடவும், தம் முறைக்குக் காத்திருக்கவும் கற்கின்றனர். நம் முன்னோர் இதை அறியாதவரல்லர். பிள்ளைத்தமிழ் என்னும் பிரபந்தம் குழந்தையின் வளர்ச்சியைச் செங்கீரை, சப்பாணி, சிற்றில், சிறுபறை, சிறுதேர் என்று பெரும்பாலும் ஆடலைக் கொண்டே வகுத்திருக்கிறது. பழமை யாவும் பொன் என்று நாம் வாதிக்கவில்லை. மணலில் விரலால் எழுதப் பழக்கிய அதே திண்ணைப் பள்ளியில்தான் பிரம்பும் கோதண்டமும் இருந்தன. மணலைக் கைவிட்டுப் பிரம்பின் மனப்பான்மையை மட்டும் நாம் காப்பாற்றி வருவதே பரிதாபம்.

மேல்நாட்டாருக்கும் இவ்வுண்மை எளிதில் கிட்டிவிடவில்லை. ஜெர்மனியில் புரோபெல் என்னும் ஆசிரியர் 1840இல் தம் பள்ளிக்குக் ‘குழந்தைகளின் தோட்டம்’ என்னும் பொருள்படக் கிண்டர்கார்ட்டன் என்று பெயரிட்டார். 1851இல் பிரஷ்ய சர்க்கார் அத்தகைய பள்ளிகளைத் தடை செய்தது. இத்தாலியில் மாண்டிஸோரி அம்மையார் 1907இல் ரோம் நகரத்து ஸான் லொரென்ஸோ பகுதியில் தமது முதற் குழந்தைகள் இல்லத்தைத் திறந்தார். முஸோலினியின் ஆட்சியில் அவருடைய பள்ளிகள் மூடப்பட்டன. தானாகச் சிந்திக்கும் குழந்தையைக் கண்டு எதேச்சாதிகாரம் அஞ்சுவதில் வியப்பில்லை.

அவ்வம்மையார் 1939இல் சென்னை அடையாற்றுக்கு வந்து நம் நாட்டு ஆசிரியர்களுக்குப் பயிற்சி அளித்தார். 1940இல் இத்தாலி யுத்தத்தில் இறங்கவே, பிரிட்டிஷ் சர்க்கார் அவருடைய குமாரரைக் காவலில் வைத்தது. அம்மையாரின் நடமாட்டத்துக்கும் தடை விதித்தது. எனினும் அவர் அடையாற்றிலும், பின்னர் கோடைக்கானலிலும் தமது பணியைத் தொடர்ந்தார்.

நேயர்கள் முக்கியமாகக் கவனிக்கவேண்டியது ஒன்றுண்டு. ஸான் லொரென்ஸோ செல்வர் வாழ்ந்த இடமன்று. அது கூலித் தொழிலாளர் குடியிருப்பு. ஏழைக் குழந்தைகளிடையே பிறந்த முறை, இன்று நகரங்களில் பெருங்கட்டணம் வாங்கும் பள்ளிகளின் விளம்பரப் பலகையை அலங்கரிக்கிறது. அதன் உண்மையான வாரிசை வேறிடத்தில் தேடவேண்டும். குஜராத்தில் கிஜுபாய் 1920இல் பாவநகரில் பாலமந்திரம் நிறுவினார். அவருடன் உழைத்த தாராபாய் மோடக் 1945இல் மகாராஷ்டிரக் கடற்கரைக் கிராமமாகிய போர்டிக்குச் சென்றார். அனுதாய் வாக் அங்கே அவருடன் சேர்ந்தார். ஏழைக் குழந்தை பள்ளிக்கு வர இயலாவிட்டால், பள்ளியே அதன் வீட்டு முற்றத்துக்குச் செல்லவேண்டும் என்று அவர்கள் துணிந்தார்கள். விலைகொடுத்து வாங்கும் கருவிகளுக்குப் பதிலாக ஊரில் கிடைக்கும் கல்லையும் விதையையும் கொண்டு கற்பித்தார்கள். அங்கன்வாடி என்னும் பெயரிலுள்ள ‘அங்கன்’ என்பதற்கு முற்றம் என்றே பொருள்.

1975 அக்டோபர் 2ந் தேதி தொடங்கிய குழந்தை வளர்ச்சித் திட்டத்தில் அப்பெயரைச் சர்க்கார் ஏற்றது. ஊட்டம், தடுப்பூசி, உடல்நலப் பரிசோதனை ஆகியவற்றோடு முன்பருவக் கல்வியும் அங்கன்வாடியின் கடமைகளில் ஒன்று. ‘ஆடிப்பாடி விளையாடு பாப்பா’ என்னும் நல்ல பாடத்திட்டமும் தமிழ்நாட்டில் உண்டு. 2019இல் நடுநிலைப் பள்ளிகளைச் சார்ந்த 2,381 அங்கன்வாடிகளில் எல்.கே.ஜி., யு.கே.ஜி. வகுப்புகளும் தொடங்கப்பட்டன. ஆயினும் எடை பார்ப்பதும், பதிவு எழுதுவதும், கணக்குக் காட்டுவதுமாக நாள் கழியும் ஊழியருக்குக் குழந்தையோடு அமர்ந்து கதை சொல்ல நேரம் ஏது?

சட்டத்தின் நிலையைப் பார்ப்போம். 2009ஆம் வருஷத்துக் கல்வி உரிமைச் சட்டம் ஆறு முதல் பதினான்கு வயது வரையுள்ளோருக்கே உரிமை வழங்குகிறது. மூன்று வயதுக்கு மேற்பட்ட குழந்தைகளின் முன்பருவக் கல்விக்குச் சர்க்கார் ஏற்பாடு ‘செய்யலாம்’ என்று அதன் 11ஆம் பிரிவு கூறுகிறது. ‘செய்யவேண்டும்’ என்று கூறவில்லை. ஒரு விகுதியில் கோடிக்கணக்கான குழந்தைகளின் உரிமை நழுவிப்போகிறது. அங்கன்வாடி ஊழியருக்குப் பணிக்கொடை உண்டு என்பதைக்கூட 2022இல் சுப்ரீம் கோர்ட் தீர்ப்பின் மூலமே நிலைநாட்ட வேண்டியிருந்தது.

ஆகவே நாம் கோருவன மூன்று. 11ஆம் பிரிவின் ‘செய்யலாம்’ என்பது ‘செய்யவேண்டும்’ என்று திருத்தப்படவேண்டும். ஒவ்வொரு அங்கன்வாடியிலும் கற்பித்தலுக்கென்றே பயிற்சி பெற்ற ஒருவர் தனியாக நியமிக்கப்படவேண்டும். ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தையை எழுதும்படி நிர்ப்பந்திப்பது எப்பள்ளியிலும் தடுக்கப்படவேண்டும்.

பொதுவாழ்வில் ஈடுபட்டுள்ள நமது நேயர்கள் சர்க்காரை மட்டும் எதிர்பார்த்திருக்க வேண்டியதில்லை. கிராமசபையில் சாலைக்கும் குடிநீருக்கும் குரல் எழுப்பும் அவர்கள், தம் ஊர் அங்கன்வாடிக்கு ஒருமுறை சென்று, அங்கே விளையாடும் இடம் உண்டா, குழந்தைகள் வாய்விட்டுப் பேசுகின்றனவா என்று பார்க்கட்டும். குறை கண்டால் அதையும் அதே சபையில் தீர்மானமாகக் கொண்டுவரட்டும். வோட்டில்லாத குழந்தைக்காகப் பேச வோட்டுள்ளவர்தாமே முன்வரவேண்டும்?