22 வீண் தட்டல்கள்

ஒரு மருத்துவமனையின் வெளிநோயாளர் பதிவு ஃபார்மை எடுத்துக்கொள்வோம். மைக்ரோசாஃப்ட் ஆக்சஸில் செய்தது. 24 ஃபீல்டு. ஒரு நாளைக்கு 200 பேர், ஆண்டுக்கு 300 வேலை நாள். பதிவு போடும் பெண்ணுக்கு மாதச் சம்பளம் 15,000 ரூபாய். மாதம் 25 நாள், தினம் 8 மணி நேரம் என்றால் மணிக்கு 75 ரூபாய் ஆகிறது. இந்த எண்கள் கணக்குப் போடுவதற்காக நானே வைத்துக்கொண்டவை. உங்கள் அலுவலகத்து எண்களை இவற்றின் இடத்தில் போட்டுக்கொள்ளுங்கள். கணக்கின் போக்கு மாறாது.

முதலில் இடம். ஆக்சஸ் ஓர் அங்குலத்தை 1,440 ட்விப்பாகப் பிரித்து வைத்திருக்கிறது, சென்டிமீட்டருக்கு 567. ஃபார்மின் அகலம் 22.75 அங்குலத்தைத் தாண்ட முடியாது. ட்விப்பில் அது 32,760. பதினாறு பிட்டில் அடங்கும் முழு எண்ணின் உச்சம் 32,767 என்பது தெரிந்தவர்களுக்கு இந்த வரம்பு ஆச்சரியமாக இருக்காது. அவ்வளவு அகலம் நமக்குத் தேவையும் இல்லை. நெருக்கடி உயரத்தில்தான். 1366 × 768 பிக்சல் மடிக்கணினியில், அங்குலத்துக்கு 96 பிக்சல் என்று வைத்தால், திரையின் உயரம் சரியாக 8 அங்குலம். மேலே ரிப்பன், கீழே டாஸ்க்பார் என இரண்டும் தங்கள் பங்கை எடுத்துக்கொள்ளும். இடைவெளியையும் சேர்த்து வரிக்கு 0.3 அங்குலம் என்றால், 24 வரிக்கு 7.2 அங்குலம், 691 பிக்சல். மிச்சமுள்ள இடத்தில் இது கொள்ளாது. ஆகவே எல்லோரும் செய்வதைப் போல ஃபீல்டுகளை இரண்டு பத்தியாக, பத்திக்கு 12 வரியாகப் பிரிக்கிறோம். இப்போது உயரம் 3.6 அங்குலம், 346 பிக்சல். தாராளமாக அடங்கிவிட்டது, பார்க்கவும் அழகாக இருக்கிறது.

கோளாறு நுழைவது இந்த இடத்தில்தான். டேப் விசையை அழுத்தினால் கர்சர் எந்தப் பெட்டிக்குப் போக வேண்டும் என்பதைப் பெட்டி நிற்கும் இடம் தீர்மானிப்பதில்லை. கன்ட்ரோல்களை எந்த வரிசையில் உருவாக்கினோமோ அந்த வரிசையில் 0, 1, 2 என்று எண் விழுகிறது. பிறகு இடம் மாற்றி வைத்தாலும் எண் மாறாது. இதைச் சரிசெய்ய டேப் ஆர்டர் பெட்டியில் ‘ஆட்டோ ஆர்டர்’ என்று ஒரு பட்டன் உண்டு. அது இடமிருந்து வலம், மேலிருந்து கீழ் என வரிசைப்படுத்தும். ஒரே பத்தி ஃபார்முக்கு அருமையான பட்டன். இரண்டு பத்தி ஃபார்மில் அதை அழுத்தினால் பெயருக்கு அடுத்து வலப்பக்கத்தில் உள்ள கைபேசி எண், பிறகு இடப்பக்கம் வயது, மறுபடி வலப்பக்கம் பரிந்துரைத்த மருத்துவர் என்று கர்சர் குறுக்கும் நெடுக்கும் ஓடும். நோயாளி நிரப்பித் தரும் தாளோ இடப் பத்தியை முழுக்க முடித்துவிட்டுத்தான் வலப் பத்திக்கு வருகிறது.

இதன் விலை என்ன? ஸ்டூவர்ட் கார்ட், தாமஸ் மோரன், ஆலன் நியூவெல் ஆகிய மூவரும் 1980-இல் கணினி வேலையைச் சிறு சிறு அசைவுகளாகப் பிரித்து ஒவ்வொன்றுக்கும் ஆகும் நேரத்தைக் கொடுத்தார்கள். பழகிய கைக்கு ஒரு விசைத் தட்டல் 0.2 விநாடி. கையை விசைப்பலகையிலிருந்து மவுஸுக்குக் கொண்டுபோக 0.4. திரையில் ஒன்றைக் குறிபார்க்க 1.1. மனத்துக்குள் யோசித்துத் தயாராக 1.35.

தாளின் வரிசைப்படி இடப் பத்தியில் இறங்க, ஒவ்வொரு ஃபீல்டுக்கும் நடுவே வலப்பக்கத்துப் பெட்டி ஒன்றைத் தாண்டியாக வேண்டும். 12 ஃபீல்டுக்கு நடுவே 11 தாண்டல். வலப் பத்தியிலும் 11. ஆக, ஒரு நோயாளிக்கு 22 வீண் தட்டல், 4.4 விநாடி. இடப் பத்தியின் அடியிலிருந்து வலப் பத்தியின் தலைக்குப் போக மவுஸைத் தொடுவதே குறுக்குவழி: கை போக 0.4, குறிபார்க்க 1.1, கிளிக் 0.2, கை திரும்ப 0.4, மொத்தம் 2.1. அந்த இடத்தில் ஒரு டேப் மட்டும் போதுமாக இருந்திருந்தால் 0.2 ஆகியிருக்கும். ஆகவே வீண் 1.9. இரண்டையும் கூட்டினால் நோயாளி ஒருவருக்கு 6.3 விநாடி.

சின்ன எண்ணாகத் தெரியலாம். ஃபீல்டுக்குச் சராசரி 8 எழுத்து என்று வைத்தால் ஒரு பதிவுக்கான மொத்தத் தட்டச்சே, டேப்களையும் சேர்த்து, 216 தட்டல், 43.2 விநாடிதான். அதில் ஏறக்குறைய ஏழில் ஒரு பங்கு தண்டமாகக் கூடுகிறது. 200 பேருக்கு 1,260 விநாடி, அதாவது தினம் 21 நிமிடம். ஆண்டுக்கு 105 மணி நேரம். 8 மணி நேர வேலை நாளாக மாற்றினால் 13 நாள். சம்பளக் கணக்கில் 7,875 ரூபாய்.

எனக்கு ரூபாயைவிட அடுத்த எண்தான் உறுத்துகிறது. நாளைக்கு 4,400 வீண் தட்டல். ஆண்டுக்கு 13 லட்சத்து 20 ஆயிரம். டேப் விசையை அழுத்துவது பெரும்பாலும் இடது கைச் சுண்டுவிரல். கையிலேயே பலம் குறைந்த அந்த விரல் ஒரு பயனும் இல்லாமல் இத்தனை முறை இறங்கி ஏறுகிறது. இதைச் சகித்துக்கொள்ள நியாயம் எதுவும் இல்லை. ஏனென்றால் திருத்தும் செலவு இவ்வளவுதான்: டேப் ஆர்டர் பெட்டியைத் திறந்து ஒரு வரியைத் தேர்ந்து சரியான இடத்துக்கு இழுத்துப் போட, யோசிக்கும் நேரத்தையும் சேர்த்து, 4 விநாடி. 24 வரிக்கு 96 விநாடி. நிஜத் தாள்களை வைத்துக்கொண்டு, பதிவு போடுகிறவரையே பக்கத்தில் உட்காரவைத்துச் சோதிக்க ஒரு மணி நேரம் சேர்த்துக்கொள்ளுங்கள். அந்த ஒரு மணி நேரத்தை விடக்கூடாது. தாளின் வரிசை அவருக்குத்தான் தெரியும்.

ஃபார்மை மூடுவதற்குள் இன்னொன்றும் செய்யலாம். தேதி ஃபீல்டின் டிஃபால்ட் வேல்யூவில் இன்றைய தேதியைத் தரும் ஃபங்ஷனைப் போட்டால் நாள், மாதம், ஆண்டு, நடுவே இரண்டு கோடு என 10 தட்டல் மிச்சம். ஒரு பதிவுக்கு 2 விநாடி, ஆண்டுக்கு 33 மணி நேரத்துக்கு மேல், 2,500 ரூபாய். தானாக எண் விழும் பதிவு எண்ணுக்கும் இந்தத் தேதிக்கும் டேப் ஸ்டாப்பை ‘நோ’ ஆக்கிவிட்டால் கர்சர் அங்கே நிற்கவே நிற்காது.

பெட்டிகளை நேராக அடுக்குவதற்குக் கண்ணையும் மவுஸையும் நம்ப வேண்டாம். 96 பிக்சல் திரையில் ஒரு பிக்சல் என்பது 15 ட்விப். அவ்வளவு பிசகினாலே 12 வரியின் இடது ஓரம் கோணலாகத் தெரியும். ரூலரில் இழுத்தால் அந்தப் பட்டையில் உள்ள கன்ட்ரோல்கள் மொத்தமும் தேர்வாகும்; பிறகு அலைன் லெஃப்ட். தேர்ந்தவற்றில் எது மிக இடப்பக்கம் நிற்கிறதோ அதன் ஓரத்துக்கே எல்லாம் போய் ஒட்டும் என்பதால், தனியாக வெளியே தள்ளி நிற்கும் பெட்டியை முதலில் உள்ளே இழுத்துவிட வேண்டும். கிரிட் புள்ளிகள் தெரியவில்லை என்று பலர் தேடுவார்கள். சென்டிமீட்டர் அளவில் கிரிட் எண் 10 ஆக இருக்கும். 9-க்கு மேல் போனால் புள்ளிகள் திரையில் வராது. 5 என்று மாற்றினால் 2 மில்லிமீட்டருக்கு ஒரு புள்ளி தெரியும். வரிக்கு நான்கு புள்ளி கொடுத்தால் 8 மில்லிமீட்டர், தமிழ் லேபிளுக்கு வசதியான உயரம். ஆங்கில எழுத்துக்கென்று வைத்த உயரத்தில் ‘கு’வின் அடியும் ‘கி’யின் மேல் வளைவும் வெட்டுப்படுவதைப் பார்த்திருப்பீர்கள்.

பெட்டியின் அகலமும் வேலை செய்யட்டும். காலிப்ரி 11 புள்ளியில் ஓர் இலக்கம் 7 பிக்சல். 6 இலக்கப் பின்கோடுக்கு 42, 10 இலக்கக் கைபேசி எண்ணுக்கு 70. ஓரத்துக்குக் கொஞ்சம் கூட்டிக்கொள்ளலாம். இப்படி அளந்து வைத்த பெட்டியில் ஓர் இலக்கம் விட்டுப்போனால் காலியிடம் உடனே கண்ணில் படும். எல்லாப் பெட்டியும் ஒரே நீளம் என்றால் படாது.

கடைசியாக ஒரு கையிருப்புக் கணக்கு. ஆக்சஸ் ஃபார்ம் ஒன்றில் அதன் ஆயுள் முழுவதும் சேர்க்கக்கூடிய கன்ட்ரோல்களும் பகுதிகளும் சேர்ந்து 754. அழித்தாலும் எண் திரும்பி வராது. நம் ஃபார்மில் 24 லேபிள், 24 பெட்டி, 3 பகுதி, பட்டனும் கோடுமாக ஒரு 9, மொத்தம் 60. ஒவ்வொரு முறையும் எல்லாவற்றையும் அழித்துவிட்டுப் புதிதாக வரைகிற பழக்கம் உள்ளவருக்கு 12 முறை நடக்கும். 13-ஆவது முறை பாதியில் நின்றுபோகும். ஆகவே அழிக்காமல் நகர்த்துங்கள். வரம்பை ஏற்கெனவே தொட்டுவிட்டவர்கள் புது ஃபார்ம் திறந்து கன்ட்ரோல்களை மொத்தமாக நகலெடுத்து ஒட்டினால் அங்கே எண்ணிக்கை புதிதாகத் தொடங்கும். பட்டன்களுக்குப் பின்னால் எழுதிய நிரல் மட்டும் கூட வராது. அதைத் தனியே எடுத்துவந்து, ஒவ்வொரு பட்டனையும் அழுத்திப் பார்த்த பிறகே பழைய ஃபார்மை நீக்க வேண்டும்.