பெந்தெகொஸ்தே ஐக்கியங்கள்: தோற்றமும் அமைப்பும்



திருப்பூர் பனியன் கம்பெனிகளில் சனிக்கிழமை சம்பள நாள். மறுநாள் ஞாயிறு காலையில் மாடி அறைகளிலும் தகரக் கொட்டகைகளிலும் கைத்தட்டலும் துதிப்பாடலும் கேட்கும். வாரநாட்களில் ஷிஃப்ட் முடிந்தபின் லைன் வீடுகளில் ஜெபம் நடக்கும். "இச்சபைகள் எங்கிருந்து வந்தன? யார் நடத்துகிறார்கள்?" என்று நம்மைத் தாங்கும் சபையார் கேட்பதுண்டு.

அப்போஸ்தலர் 2ஆம் அதிகாரத்தில், பெந்தெகொஸ்தே நாளில் சீஷர்கள் பரிசுத்த ஆவியால் நிரப்பப்பட்டுப் பல பாஷைகளில் பேசியதை வாசிக்கிறோம். அந்த அனுபவம் இன்றும் உண்டு என்பதே இவர்களுடைய உபதேசம். 1906இல் அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரில், அசுசா தெருவில், கறுப்பினப் போதகர் வில்லியம் சீமோர் நடத்திய கூட்டங்களிலிருந்து இவ்வியக்கம் உலகெங்கும் பரவியது.

ஆனால் நம் தமிழ்நாடு அதற்கு முன்பே இத்தகைய எழுப்புதலைக் கண்டிருக்கிறது. ரேனியஸ் ஐயரிடம் கற்ற அருளப்பன் என்பவர் கிறிஸ்தியான்பேட்டையை மையமாக வைத்து ஊழியம் செய்தார். 1860இல் அங்கும் திருநெல்வேலிச் சீமையிலும் அந்நிய பாஷையும் தீர்க்கதரிசனமும் வெளிப்பட்டன. 1905இல் பண்டித ரமாபாயின் முக்தி மிஷனிலும் எழுப்புதல் உண்டாயிற்று.

அமைப்பில் இவை ஒரே மாதிரியானவை அல்ல. 1923இல் இலங்கையில் பாஸ்டர் பால் தொடங்கிய சிலோன் பெந்தெகொஸ்தே மிஷன், இன்று 'தி பெந்தெகொஸ்தே மிஷன்' என்று அழைக்கப்படுகிறது. அதன் தலைமையகம் சென்னை தாம்பரத்தை அடுத்த இரும்புலியூரில் உள்ளது. வெள்ளுடை தரித்த ஊழியர்கள் திருமணம் செய்யாமல் 'விசுவாச வீடு'களில் கூடி வாழ்கிறார்கள். 1924இல் கேரளத்தில் தோன்றிய இந்திய பெந்தெகொஸ்தே தேவசபையும், அசெம்பிளீஸ் ஆப் காட் சபையும் மண்டலங்களாகப் பிரிந்து நிர்வாகம் செய்கின்றன. மூன்றாவது வகை, ஒரு போதகரையே சார்ந்து நிற்கும் சுயாதீன சபை. சில குடும்பங்களோடு வீட்டில் தொடங்கி, தசமபாகத்தால் வாடகை கொடுத்து வளர்வது அது. இவற்றிற்கு வெளியே, தங்கள் பழைய சபையை விட்டுப் பிரியாமல் ஆவிக்குரிய வரங்களை நாடும் கரிஸ்மாட்டிக் குழுக்கள் தென்னிந்தியத் திருச்சபையிலும் கத்தோலிக்கத் திருச்சபையிலும் உண்டு.

பிழைப்புக்காகத் தென்மாவட்டங்களிலிருந்து வந்து, டெய்லராகவும் கைமடியாகவும் வேலை செய்கிறவர்களுக்கு இச்சிறு கூட்டமே உறவினர் வீடு. வாடகைக்கு அறை பார்த்துக் கொடுப்பதும், காய்ச்சலில் கஞ்சி வைத்துக் கொடுப்பதும் சபையாரே. யாருக்காவது சுகமில்லையென்றால் முதலில் செய்தி போவதும் போதகருக்கே.

ஆகவேதான் இது மருத்துவமனைக்கும் அடுத்த காரியம். தெய்வீக சுகமளித்தலை எல்லாப் பெந்தெகொஸ்தேயரும் நம்புகிறார்கள். மருந்தே வேண்டாம் என்பவர்கள் சிலர்; ஜெபமும் மருந்தும் சேர்ந்து வேண்டும் என்பவர்கள் பலர். காசநோயை எண்ணிப் பாருங்கள். சாதாரணக் காசநோய்க்கு ஆறு மாதம் மருந்து உட்கொள்ள வேண்டும். ஆனால் சில வாரங்களிலேயே இருமல் குறைந்து, பசி எடுக்கும். "சுகமானேன்" என்று சாட்சி சொல்லி மருந்தை நிறுத்தினால், எஞ்சிய கிருமிகள் மருந்துக்கு அடங்காதவையாக மாறக்கூடும்; அதே அறையில் படுக்கிறவர்களுக்கும் தொற்றும். ஆனால் அதே போதகர், "மருந்தை முடித்துவிட்டு வந்து சாட்சி சொல்" என்று ஒரு வார்த்தை சொன்னால், மருத்துவர் பத்துமுறை சொல்வதைவிட அது பலன் தரும்.

யாக்கோபு 5:14 வியாதியஸ்தருக்காக மூப்பர்கள் ஜெபிக்கக் கற்பிக்கிறது. பவுலோடு பயணம் செய்த லூக்காவோ வைத்தியன். இரண்டையும் தந்தவர் ஒரே தேவன்.

உங்கள் ஊரிலும் இத்தகைய ஐக்கியம் இருக்குமானால், அதன் போதகரை ஒருமுறை சந்தித்துப் பேசுங்கள். உபதேச வேறுபாடுகளைப் பிறகு பேசலாம். வியாதியஸ்தரின் மருந்தட்டையைப் பற்றி முதலில் பேசுங்கள். பனியன் நகரின் தொழிலாளருக்காகவும், அவர்களை மேய்க்கும் போதகர்களுக்காகவும் உங்கள் ஜெபத்தில் நினைத்துக்கொள்ளுங்கள்.