ஈரலைத் தேடிச் செல்லும் மருந்து

குடலில் தோன்றிய புற்றுநோய் ஈரலுக்குப் பரவியது எனக் கேட்டதும், நோயாளியிடம் மறைத்து, காமாலை மருந்திலே காலங்கடத்தும் குடும்பங்கள் வேலூரிலும் ஆம்பூரிலும் நம்மிடையே உண்டு.

ஈரலுக்கு முக்கால் பங்கு இரத்தம் குடலிலிருந்து வரும் சிரை வழியாகவும், எஞ்சியது தமனி வழியாகவும் பாய்கிறது. பரவி வளரும் கட்டியோ பெரும்பாலும் தமனி இரத்தத்தையே உண்டு வளர்கிறது. எனவே, தொடையிடுக்கு வழியே மெல்லிய குழாயைச் செலுத்தி, அத்தமனியிலேயே மருந்தைச் சேர்ப்பர். வலியும் காய்ச்சலும் வரலாம். எல்லார்க்கும் இது ஏற்றதன்று. தகுந்தவர்க்குக் கட்டி சுருங்கக்கூடும்.

1900இல் ஐடா ஸ்கடர் அம்மையார் ஒரே படுக்கையுடன் தொடங்கிய பணி, இன்று கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியாக நம் அருகில் நிற்கிறது. காலந்தாழ்த்தாது ஆலோசனை பெறுவோம்.

அவஸ்தைப்பூசுதலை 'நோயில்பூசுதல்' என்றழைப்பதே தகும் என 1963இல் வத்திக்கான் சங்கம் உரைத்தது. குருவானவரையும் இறுதி மூச்சுக்கெனக் காத்திராமல் இன்றே அழைப்போம்.