உட்கார்ந்திருந்தாலே போராட்டமா?

திருநின்றவூருக்கு ஒரு பெருமை உண்டு. பூசலார் நாயனாரின் ஊர் அது. கையில் காசு இல்லாத பூசலார், மனதுக்குள்ளேயே கல் சேர்த்து, சுவர் எழுப்பி, சிவனுக்குக் கோவில் கட்டினார். அதே சமயம் காஞ்சிபுரத்தில் பல்லவ மன்னன் நிஜமாகவே கற்கோவில் கட்டிக் குடமுழுக்குக்கு நாள் குறித்திருந்தான். இறைவன் மன்னன் கனவில் வந்தார். அன்று பூசலார் கோவிலுக்குப் போகவேண்டும், வேறு நாள் பார் என்று சொல்லிவிட்டார். பெரியபுராணம் சொல்லும் கதை இது.

ஒரு கல்லைக்கூடக் கையால் தொடாதவரும் கோவில் கட்டியவரே என்பது ஆண்டவன் கணக்கு. போலீஸ் நிலையத்தின் கணக்கு என்ன? ஒரு கூட்டத்தில் கல்லைத் தொடாதவரும், வாயைத் திறக்காதவரும் இருப்பார்கள். அவர்களும் போராட்டக்காரர்களா?

தமிழ்நாட்டில் இந்தக் கேள்வி ஒரு மாதா கோவில் முற்றத்தில் எழுந்தது. ஆயிரக்கணக்கான குடும்பங்களைப் பல ஆண்டுகள் ஆட்டி வைத்தது.

முற்றத்தில் பந்தல்

இடிந்தகரை, திருநெல்வேலி மாவட்டத்துக் கடலோர ஊர். மீன்பிடிப்பவர்கள் நிறைந்த ஊர். பக்கத்திலேயே கூடங்குளம் அணுமின் நிலையம் இருக்கிறது. 1988-ல் ராஜீவ் காந்தியும் சோவியத் தலைவர் கோர்பச்சேவும் செய்த ஒப்பந்தத்தால் வந்த நிலையம் அது.

எதிர்ப்பு ஆரம்பத்திலிருந்தே இருந்தது. ஆனால் 2011 மார்ச் 11-ந் தேதி ஜப்பானில் சுனாமி வந்து புகுஷிமா அணு உலைகள் நாசமானபோது, கடலோரத்துப் பயம் பல மடங்காயிற்று. 2004 சுனாமியை நேரில் கண்ட ஜனங்கள் அல்லவா?

2011 செப்டம்பர் 11-ந் தேதி, இடிந்தகரை லூர்து மாதா கோவில் முற்றத்தில் 127 பேர் சாகும்வரை உண்ணாவிரதம் தொடங்கினார்கள். 12 நாள் நடந்தது. மக்களின் அச்சம் தீரும்வரை வேலையை நிறுத்தி வைக்கவேண்டும் என்று தமிழக மந்திரிசபை தீர்மானம் போட்டது. அதன் பிறகும் பந்தல் பிரிக்கப்படவில்லை. தொடர் உண்ணாவிரதம் நடந்துகொண்டே இருந்தது.

அந்தப் பந்தலைப் பார்த்தவர்கள் ஒரு காட்சியை மறக்கமாட்டார்கள். பெண்கள் பீடி சுற்றும் தட்டை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். கை பீடி சுற்றும். காது மேடைப் பேச்சைக் கேட்கும். அன்றாடக் கூலியை விட்டுவிட்டுப் போராட அவர்களால் முடியாது. அந்தப் பெண் போராடினாளா, பீடி சுற்றினாளா? இரண்டும் என்பதே என் பதில். ஆனால் வழக்குப் புத்தகத்தில் "இரண்டும்" என்று எழுத இடம் இல்லை!

யாருடைய போராட்டம்?

இது கிறிஸ்தவக் கோவிலின் போராட்டம் என்று ஒரு சாரார் சொன்னார்கள். முற்றம் கோவிலுடையது. ஆட்களைக் கூப்பிட அடிப்பது கோவில் மணி. பாதிரிமார்கள் பந்தலுக்கு வருகிறார்கள். வேறு என்ன வேண்டும் என்று கேட்டார்கள்.

இல்லை, இது ஜனங்களின் போராட்டம், கோவில் இடம்தான் கொடுத்தது என்றார்கள் மற்றவர்கள். முன்னின்று நடத்திய சுப. உதயகுமார் நாகர்கோவிலைச் சேர்ந்தவர். இந்துக் குடும்பத்தில் பிறந்தவர். மீனவர் ஊரில் எல்லோரும் கூடக்கூடிய பெரிய இடம் மாதா கோவில் முற்றம்தான். கல்யாணமானாலும் பஞ்சாயத்தானாலும் அங்கேதான் ஜனங்கள் கூடுவார்கள்.

டெல்லி சர்க்கார் முதல் சாராரின் பக்கம் சாய்ந்தது. 2012 பிப்ரவரியில் பிரதமர் மன்மோகன் சிங், வெளிநாட்டுத் தொண்டு நிறுவனங்கள் பின்னால் இருப்பதாகக் குறை சொன்னார். தூத்துக்குடி மறைமாவட்டத்தோடு தொடர்புள்ள தொண்டு நிறுவனங்களின் வெளிநாட்டுப் பண வரவு தடுக்கப்பட்டது. அந்தப் பணம் போராட்டத்துக்குப் போகவில்லை என்று ஆயர் இவோன் அம்புரோஸ் மறுத்தார். மீனவர்கள் தங்கள் வருமானத்தில் ஒதுக்கித் தந்த பங்கில்தான் பந்தல் நடக்கிறது என்றது போராட்டக் குழு.

இடம் கொடுத்து, மணியும் அடிக்கவிட்ட கோவிலை வெறும் வீட்டுக்காரர் என்று சொல்லமுடியாது. அது மக்களோடு நின்றது, மறைக்கவும் இல்லை. ஆனால் ஜனங்களோடு நிற்பது வேறு, காசு கொடுத்து அவர்களைத் தூண்டுவது வேறு. முதலாவதைக் காட்டிவிட்டு இரண்டாவதை நிரூபித்ததாகச் சொல்வது நியாயம் ஆகாது.

'மற்றும் பலர்'

2012 செப்டம்பர் 9-ந் தேதி ஜனங்கள் கடற்கரை ஓரமாக அணுமின் நிலையத்தை நோக்கி நடந்தார்கள். இரவு மணலிலேயே படுத்தார்கள். மறுநாள் போலீசார் கண்ணீர்ப்புகைக் குண்டு வீசி, தடியடி நடத்தினார்கள். ஆணும் பெண்ணும் கடலுக்குள் ஓடினார்கள். அன்றே மணப்பாட்டில் போலீசார் சுட்டதில் ஒரு மீனவர் இறந்தார்.

அதற்கு முன்னும் பின்னும் போட்ட வழக்குகள் கொஞ்சநஞ்சம் அல்ல. தேசத்துரோகப் பிரிவிலேயே ஆயிரக்கணக்கானோர் சேர்க்கப்பட்டார்கள். முதல் தகவல் அறிக்கையில் சில பெயர்கள் இருக்கும். பிறகு "மற்றும் பலர்" என்று ஒரு பெரிய எண்ணிக்கை இருக்கும். அந்தப் பலர் யார்? யாராகவும் இருக்கலாம். அதுதான் அதன் ஆபத்து. வளைகுடா நாடுகளுக்கு வேலைக்குப் போக நினைத்த இளைஞர்கள் பாஸ்போர்ட் கேட்டபோது, வழக்கு குறுக்கே வந்து நின்றது.

இதில் ஊரார் பக்கமும் ஒரு சிக்கல் உண்டு. "ஊரே திரண்டு போராடுகிறது" என்று மேடையில் பெருமையாகச் சொன்னது அவர்கள்தான். அதே சொல்லைப் போலீசார் எடுத்து வழக்கில் எழுதியபோது, "நான் சும்மா உட்கார்ந்திருந்தேன்" என்று ஒவ்வொருவரும் தனித்தனியே சொல்லவேண்டி வந்தது. பெருமைக்கு ஊர் முழுவதும் வரும். கோர்ட்டுக்கு ஒவ்வொருவராகத்தான் போகவேண்டும்.

சட்டம் என்ன சொல்கிறது?

கூட்டம் சட்டவிரோதமானது என்று தெரிந்தும், வேண்டுமென்றே அதில் சேருகிறவர் அல்லது அதிலேயே தங்குகிறவர்தான் அதன் உறுப்பினர். பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் 142-வது பிரிவு இப்படிச் சொன்னது. 2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள புதிய சட்டத்தில் 189-வது பிரிவு இதைக் கவனிக்கிறது. வேடிக்கை பார்க்க நின்றவர் இதில் சேரமாட்டார்.

ஆனால் இதற்கு மறுபக்கமும் இருக்கிறது. 1964-ல் மசால்டி என்பவர் அப்பீல் செய்த கொலை வழக்கில் சுப்ரீம் கோர்ட் சொன்னதைக் கேளுங்கள். கூட்டத்தின் நோக்கமே தன் நோக்கமாகச் சேர்ந்து நின்றவர், தன் கையால் எதுவும் செய்யாவிட்டாலும் பொறுப்பாளிதான். அதே தீர்ப்பில் ஒரு பாதுகாப்பும் உண்டு. பெருங்கூட்டத்தில் ஒருவரை அடையாளம் காட்ட ஒரே சாட்சி போதாது. இரண்டு மூன்று பேராவது ஒன்றுபோலச் சொல்லவேண்டும். "மற்றும் பலர்" என்ற இரண்டு சொற்களுக்கு எந்தச் சாட்சி வரும்?

இடிந்தகரை கொதித்த அதே 2012-ல் ரஷ்யாவிலும் இதே கேள்வி எழுந்தது. பிப்ரவரியில் மாஸ்கோ பேராலயத்தில் சில பெண்கள் புகுந்து புதினை எதிர்த்துப் பாடினார்கள். மூன்று பேருக்கு இரண்டாண்டு சிறைத் தண்டனை கிடைத்தது. அவர்களில் ஒருவரை, பாட்டு தொடங்கும் முன்பே காவலாளி பிடித்து வெளியே தள்ளியிருந்தார். அப்பீலில் அவருடைய வக்கீல் அதை எடுத்துச் சொன்னார். அக்டோபரில் கோர்ட் அவருடைய தண்டனையை நிறுத்தி வைத்து வெளியே விட்டது. மற்ற இருவரும் சிறையிலேயே இருந்தார்கள். மூவரும் ஒன்றாகக் கிளம்பிப் போனவர்கள்தாம்!

வழக்குகள் என்ன ஆயின?

2013 மே 6-ந் தேதி சுப்ரீம் கோர்ட் கூடங்குளம் நிலையத்தை இயக்கலாம் என்று தீர்ப்புச் சொன்னது. போராடியவர்கள் கேட்டது கிடைக்கவில்லை. ஆனால் அதே தீர்ப்பில், அந்த வட்டாரத்தில் அமைதி திரும்ப அவர்கள்மேல் உள்ள கிரிமினல் வழக்குகளை எல்லாம் வாபஸ் பெற முயற்சி செய்யவேண்டும் என்றும் சொன்னது. இரண்டு மாதம் கழித்து, ஜூலையில், முதல் அணு உலை இயங்கத் தொடங்கியது. வழக்குகளோ அத்தனை சீக்கிரம் நகரவில்லை.

2021-ல் தமிழக அரசு, அமைதியாகப் போராடியவர்கள்மேல் போட்ட 5,570 வழக்குகளை வாபஸ் பெறுவதாக அறிவித்தது. கூடங்குளம் போராட்ட வழக்குகளும் அந்த வரிசையில் இருந்தன. தேசத்துரோகச் சட்டத்தையே 2022 மே மாதம் சுப்ரீம் கோர்ட் நிறுத்தி வைத்தது.

பந்தலில் தாயின் மடியில் படுத்திருந்த குழந்தைகள் இந்தப் பத்தாண்டுகளில் பள்ளிக்கூடம் போய், உயர்வகுப்புக்கும் வந்துவிட்டார்கள்.