நூறு நாள் கூலியை எதனால் வகுப்பது?

2025 ஏப்ரல் 1 முதல் நூறு நாள் வேலைக்கு அறிவிக்கப்பட்ட நாள் கூலி 336 ரூபாய். தென்பெண்ணையின் வடகரையில் உள்ள சோரியாங்குப்பத்துக்கும் குருவிநத்தத்துக்கும் இதே தொகைதான். ஆற்றைத் தாண்டி கடலூர் மாவட்டத்துக்குப் போனாலும் இதே தொகைதான். முந்தைய ஆண்டு 319, அதற்கு முன் 294. புதுச்சேரிக்கும் தமிழ்நாட்டுக்கும் ஒன்றிய அரசு தனித்தனியாக அறிவித்தாலும் எண் ஒன்றாகவே இருக்கிறது. ஒவ்வோர் ஏப்ரலிலும் இதைக் "கூலி உயர்வு" என்கிறார்கள். விலைவாசி ஏறிய அளவுக்கு மட்டும் ஏற்றித் தருவதால், இதை ஈடுகட்டல் என்பதே சரி.

ஒரு கூலி போதுமா என்பதை ரூபாய்க் கணக்கு மட்டும் சொல்லிவிடாது. அந்த வட்டாரத்தில் மற்றவர்கள் வாங்கும் கூலியால் அதை வகுத்துப் பார்க்க வேண்டும். ஐரோப்பிய ஒன்றியம் 2022இல் கொண்டுவந்த விதி இந்த வழியில்தான் போகிறது: சட்டப்படியான குறைந்தபட்ச ஊதியம் போதுமானதா என்று பார்க்க, இடைநிலை ஊதியத்தில் (ஊதிய வரிசையில் நடுவில் நிற்பவரின் ஊதியம்) 60 விழுக்காடு அல்லது சராசரி ஊதியத்தில் 50 விழுக்காடு போன்ற அளவுகோல்களை அது சுட்டியது. உறுப்பு நாடுகள் தங்கள் சட்டங்களைத் திருத்த 2024 நவம்பர் 15 வரை கெடு.

வகுத்ததும் வரிசை தலைகீழாகிறது. 2025இல் லக்சம்பர்க்கின் குறைந்தபட்ச மாத ஊதியம் 2,600 யூரோவுக்கு மேல். போர்ச்சுகலில் 870 யூரோ. ஆனால் இடைநிலை ஊதியத்தோடு ஒப்பிடும்போது போர்ச்சுகல்தான் மேலே நிற்கிறது. அங்கே அடிமட்டத் தொழிலாளி செழிப்பாக இருக்கிறார் என்று இதற்குப் பொருளில்லை. நடுவில் இருப்பவரின் ஊதியமே தாழ்ந்து கிடக்கிறது.

இந்தியாவிலும் இதே கதைதான். ரிசர்வ் வங்கி வெளியிட்ட 2022-23 கணக்கில் ஆண் விவசாயத் தொழிலாளியின் சராசரி நாள் கூலி கேரளத்தில் சுமார் 764 ரூபாய், தமிழ்நாட்டில் 470, குஜராத்தில் 242. அதே ஆண்டின் நூறு நாள் கூலி முறையே 311, 281, 239. வகுத்தால் கேரளம் 41 விழுக்காடு, தமிழ்நாடு 60, குஜராத் 99. விகிதத்தை மட்டும் பார்த்தால் குஜராத்தே முதலிடம். வயல் கூலி அவ்வளவு அடிமட்டத்தில் கிடப்பதே அதற்குக் காரணம்.

தமிழ்நாட்டின் 60 விழுக்காட்டைப் பார்த்து ஐரோப்பிய அளவுகோலைத் தொட்டுவிட்டதாக யாரும் சொல்ல முடியாது. ஐரோப்பாவில் வகுப்பது எல்லாத் தொழிலாளரின் ஊதியத்தால். இங்கே வகுப்பது மிகக் குறைந்த கூலி தரும் தொழிலின் கூலியால். அதுவும் ஆண்களின் கூலியால். தமிழ்நாட்டில் நூறு நாள் வேலைக்கு வருவோரில் பத்துக்கு எட்டுப் பேருக்கு மேல் பெண்கள். நடவுக்கும் களையெடுப்புக்கும் பெண்ணுக்குக் கிடைப்பது ஆண் கூலியைவிடக் குறைவு. நூறு நாள் வேலையில் இருவருக்கும் ஒரே கூலி. ஆகவே பெண்களுக்கு இந்த விகிதம் 60க்கு மேலேதான் இருக்கும். புதுச்சேரியின் நெற்களஞ்சியம் என்று பெயரெடுத்த பாகூருக்கோ வகுக்கும் எண்ணே கிடையாது: மாநிலவாரியான அந்தக் கூலிப் பட்டியலில் புதுச்சேரிக்கு இடமில்லை.

நூறு நாள் கூலியை ஆண்டுதோறும் ஏற்றும் முறைதான் உண்மையில் கவலை தருவது. 2011 முதல் நூறு நாள் கூலி விவசாயத் தொழிலாளர் நுகர்வோர் விலைக் குறியீட்டோடு மட்டும் கட்டப்பட்டிருக்கிறது. ஊர்க் கூலியோடு அதற்குத் தொடர்பில்லை. ஊர்க் கூலி விலைவாசியைவிட வேகமாக ஏறினால், ரூபாய் கூடும்போதே விகிதம் சரியும். ஊர்க் கூலி தேங்கினால் விகிதம் நன்றாகத் தெரியும். குறியீடும் பழையதாக இருந்தது. 1983இல் எடுத்த குடும்பச் செலவுக் கணக்கை வைத்து, 1986-87ஐ அடிப்படை ஆண்டாகக் கொண்டு, 2025 வரை அது ஓடியது. அதில் உணவுக்கு மட்டும் பத்தில் ஏழு பங்கு. செல்போன் ரீசார்ஜும் பிள்ளைகளின் வேன் கட்டணமும் கழுத்தை நெரிக்கும் குடும்பங்களுக்கு அரிசி விலையைப் பார்த்தே கூலி நிர்ணயமானது.

புதுச்சேரியை ஒரு காலத்தில் ஆண்ட பிரான்ஸ் இந்தக் குழியில் விழுந்து எழுந்த நாடு. அங்கே 1950இல் வந்த குறைந்தபட்ச ஊதியம் 1952 முதல் விலைவாசியோடு மட்டும் ஏறியது. நாட்டின் சராசரி ஊதியம் முன்னே ஓட, அது பின்தங்கியது. 1968 மே வேலைநிறுத்தங்களுக்குப் பிறகு ஒரே அடியாக 35 விழுக்காடு உயர்த்த வேண்டியிருந்தது. 1970இல் முறையையே மாற்றினார்கள்: விலைவாசி ஏற்றத்தோடு, தொழிலாளரின் சராசரி மணி ஊதியம் உண்மையில் எவ்வளவு கூடுகிறதோ அதில் பாதியும் சேரும். மற்றவர்கள் முன்னேறினால் அடியில் இருப்பவரும் கொஞ்சம் நகர்வார். இதைச் செய்ய ஒரே ஒரு சூத்திரம்தான் தேவைப்பட்டது. இங்கே 2014இல், நூறு நாள் கூலியை ஆராய ஒன்றிய அரசு அமைத்த மகேந்திர தேவ் குழு, விவசாயக் குறைந்தபட்சக் கூலி, விலைக்கேற்ப ஏற்றிய நூறு நாள் கூலி ஆகிய இரண்டில் எது அதிகமோ அதையே அடிப்படையாகக் கொள்ளச் சொன்னது. 2017இல் நாகேஷ் சிங் குழு அப்படி இணைக்கத் தேவையில்லை என்றது. அரசுக்கு இரண்டாவது பதில் வசதியாகப் போயிற்று.

மற்றக் கேள்விகளுக்குச் சுருக்கமான பதில் போதும்.

336 ரூபாயும் முழுதாகக் கைக்கு வருமா? வெட்டிய மண்ணை அளந்தே கூலி போடுகிறார்கள். அளவு குறைந்தால் தொகையும் குறையும்.

குறைந்தபட்சக் கூலிக்குக் கீழே தரலாமா? அது கட்டாய உழைப்பு என்று 1983இல் சஞ்சித் ராய் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. நூறு நாள் சட்டத்தின் 6(1) பிரிவோ குறைந்தபட்சக் கூலிச் சட்டத்தை ஒதுக்கிவிட்டுக் கூலியை அறிவிக்க ஒன்றிய அரசுக்கு இடம் தந்தது.

பணம் தாமதமானால்? பதினாறாம் நாளுக்குப் பிறகு நாளொன்றுக்கு 0.05 விழுக்காடு இழப்பீடு. 2,000 ரூபாய்க்கு அது ஒரு ரூபாய்.

2025 டிசம்பரில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய மாற்றுச் சட்டத்தில்? நாள்கள் 125, கூலியை அறிவிப்பது இன்னும் ஒன்றிய அரசே.